அம்மாவின் ஐந்து வருஷம்

1

நான் சிங்கப்பூருக்கு வந்து இந்த ஜூன் மாதத்தோடு ஆறு வருஷம் முடிந்தது. அதைக் கொண்டாட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே வாரம் எங்கள் தொழிற்சாலையில் லிம் ஆன்ட்டிக்குக் கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கினால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லிம் ஆன்ட்டி எங்கள் பிரிவில் வேலை செய்கிறவர். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, சின்னச் சின்ன மின்னணுத் தகடுகளில் கீறல் இருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. அந்தப் பிரிவின் தரக் கட்டுப்பாட்டுக்கு நான் பொறுப்பு. அவருக்கு அறுபத்திரண்டு வயது நிறைந்தது என்றார்கள். நம் ஊர் வழக்கப்படி அதை வழியனுப்பு விழா என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்து, மனதில் தமிழில் ஓடியதை அப்படியே இங்கிலீஷில் கொட்டினேன். 'இனிமேல் நீங்க உக்காந்து சாப்பிடலாம் ஆன்ட்டி' என்பது வாயிலிருந்து 'யூ கேன் சிட் அண்ட் ஈட் நவ்' என்று வந்தது.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னையும் உட்காரச் சொன்னார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அது வழியனுப்பு இல்லை. இந்த வருஷம் முதல் இங்கே சட்டம் மாறியிருக்கிறது. அறுபத்திரண்டு நிறைந்தவர்களுக்கு உடம்பும் வேலையும் சரியாக இருந்தால் மறுபடி வேலை தர வேண்டும். லிம் ஆன்ட்டிக்குப் புது ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அதற்குத்தான் கேக். "வீட்டுல இருந்து என்ன செய்யறது? டிவியைப் பாத்து நான் தூங்குவேன், என்னைப் பாத்து டிவி தூங்கும்" என்று அவர் பாணி இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

நம் ஊரில் 'உட்கார்ந்து சாப்பிடுவது' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வயதான தாயைப் பற்றிச் சொன்னால் பிள்ளைக்குப் பெருமை. கைகால் நன்றாக இருக்கிற ஆளைப் பற்றிச் சொன்னால் வசவு. எந்த வயதில் அந்த வசவு பெருமையாக மாறுகிறது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. என் அம்மா விஷயத்தில் அதை நானே முடிவு செய்தேன். அவளைக் கேட்காமல் முடிவு செய்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

2

கடலூர் மாவட்டத்தில் கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா பெயர் அஞ்சலை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். அடுத்த வருஷமே அம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தது.

அம்மாவிடம் பிறந்த தேதிக்கு எந்தக் காகிதமும் இல்லை. பள்ளிக்கூடம் போனால்தானே காகிதம். வயதுச் சான்று வாங்க டாக்டரிடம் அழைத்துப் போனவர் என் தாய்மாமா. டாக்டர் அம்மாவைப் பார்த்து என்ன வயசு என்று கேட்டிருக்கிறார். அம்மா வாய் திறக்கும் முன் மாமா, "முப்பத்தொண்ணுங்க" என்றாராம். உண்மையில் அம்மாவுக்கு இருபத்தாறு.

ஏன் ஐந்து வருஷம் ஏற்றிச் சொன்னார் என்று பெரியவளான பிறகு மாமாவிடம் கேட்டேன். "சின்ன வயசுல தாலி அறுத்தவ. வாத்தியாருங்க இருக்கற எடம். வயசு ஜாஸ்தின்னா பேச்சு கம்மியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தங்கச்சியைச் சுற்றி வேலி போடுவதாக நினைத்து ஐந்து வருஷத்தைப் போட்டார்.

சேர்ந்த முதல் நாளே பிள்ளைகள் அம்மாவை 'ஆயா' என்று கூப்பிட்டார்கள். சத்துணவுக்கூடத்தில் யாராக இருந்தாலும் ஆயாதான். இருபத்தாறு வயதில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆயாவாகிவிட்டாள். நானும் பள்ளிக்கூடத்தில் தட்டை நீட்டும்போது மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து "ஆயா, இன்னும் கொஞ்சம்" என்றுதான் கேட்பேன். அம்மா முறைத்துவிட்டு எல்லோருக்கும் போடும் அளவைத்தான் எனக்கும் போடுவாள்.

இருநூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை அது. எங்கள் இரண்டு பேருக்குச் சமைத்தால் உப்பு சரியாக வராது. "இம்மாந்துண்டு சட்டியில கை எங்க போவுது எங்க வருதுன்னே தெரியல" என்று அலுத்துக்கொள்வாள். பள்ளிக்கூட அடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டாலும் சாம்பார் சரியாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். 2004-ல் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு இங்கே வந்தேன். அம்மாவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஓய்வு என்ற ஒன்றே கிடையாது. அம்மாவைப் பெற்றவர்கள் குனிய முடிகிற வரைக்கும் நடவுக்குப் போனார்கள், முடியாதபோது படுத்தார்கள். 'இந்தத் தேதியோடு உன் வேலை முடிகிறது' என்று காகிதத்தில் எழுதி வாங்கியவள் எங்கள் வீட்டில் அம்மாதான். அந்தத் தேதியை நான் விமானம் ஏறிய நாளிலிருந்து மனதில் வைத்திருந்தேன். ஆம்பளைப் பிள்ளை இல்லையே என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் பார்க்க, நான் அவளை இங்கே அழைத்து வந்து உட்கார வைத்துச் சோறு போடுவேன். இதுதான் என் திட்டம். ஐந்து வருஷம் முன்னாலேயே அந்தத் தேதி வருகிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

3

2011 பொங்கலுக்கு லீவில் போயிருந்தேன். காகிதக் கணக்கில் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது, ஏப்ரல் கடைசியில் ஓய்வு. காணும் பொங்கல் அன்று அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அந்த வயதுச் சான்றின் நகல், வேலையில் சேர்ந்த உத்தரவு, ரேஷன் கார்டு.

"கலை, ஒரு மனு எழுதணும்."

"என்னா மனு?"

"எனக்கு நெஜமா அம்பத்தி மூணுதான். அஞ்சு வயசு தப்பா ஏறிப்போச்சி, அத எறக்கிக் குடுங்கன்னு. இன்னும் அஞ்சு வருசம் செய்வேன்."

"எதுக்கும்மா? முப்பது வருஷம் அடுப்புப் பொகையில நின்னது போதாதா?"

"உனுக்குப் போதும்னா நீ போயி நின்னியா?"

மாமா வாசலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கா, இவளுக்கு ஆயா வேலை கேக்குது" என்றார்.

அம்மா திரும்பாமலே சொன்னாள். "ஏத்தனது நீதானே அண்ணே. நீயே எறக்கிக் குடு, நான் ஊட்ல இருக்கறேன்."

மாமா கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு அடுத்த கணுவைக் கடித்தார்.

நான் மனு எழுதினேன். நல்ல மனு. இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். மாமாவும் ஒரு வாக்குமூலம் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அம்மா தன் பெயரைக் கையெழுத்தாக வரைந்தாள். அந்த நான்கு எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியும். வரைந்து முடித்து, மையை ஊதிக் காயவைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். போகிற வழியில் கடலூரில் இறங்கி, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடிப்பது என்று ஏற்பாடு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா வந்தாள். "ரசீது மறந்துடாத" என்று ஜன்னல் வழியாக இரண்டு முறை சொன்னாள்.

கடலூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் போதும், கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கு ஒரு ஆட்டோ. மனு ஜெயித்தால் இன்னும் ஐந்து வருஷம் அம்மா விறகு ஊதுவாள். நான் தனியாகச் சம்பாதித்து யாருக்குக் காட்டுவது? எப்படியும் நடக்காது, முப்பது வருஷம் கழித்து யார் வயதை மாற்றுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் இறங்கவில்லை.

மனு என்னோடு சிங்கப்பூர் வந்தது. துணிகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் போனில் அம்மா கேட்டாள். "குடுத்தியா?"

"குடுத்துட்டேன்" என்றேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அம்மாவோடு பேசுவது வழக்கம். ஒவ்வொரு வாரமும் முதல் கேள்வி அதுதான். "இன்னும் பதிலு ஒண்ணும் வரலியே?" கவர்மென்ட் ஆபீஸ் என்றால் தாமதம் ஆகும் என்பேன். "ஆமாம் ஆமாம், அவுங்களுக்கும் எத்தினி மனு இருக்கும்" என்று அம்மாவே எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொள்வாள். அதைக் கேட்டுவிட்டு நான் இங்கே ஒரு அறை கொண்ட வீடுகளைப் பார்க்கப் போவேன். சமையலறை பெரியதா என்று பார்ப்பேன்.

மார்ச்சில் ஒரு நாள் வேலை இடைவேளையில் போன் பார்த்தேன். அம்மாவிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டபோது பின்னால் பஸ் ஹாரன் சத்தம். கடலூரில் இருந்தாள். கூட வேலை பார்த்து முந்தைய வருஷம் ஓய்வு பெற்ற சரோஜா அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தானே போய்க் கேட்டிருக்கிறாள்.

"ரசீது நம்பர் கேக்கறாங்க கலை. நம்பர் சொல்லு."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"கலை?"

"இல்லம்மா."

"என்னா இல்ல?"

"குடுக்கலம்மா. மனு எங்கிட்டதான் இருக்குது."

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன்.  அவள் நிதானமாகக் கேட்டாள்.

"பஸ்ஸு நிக்கலியா?"

"நின்னுச்சி."

"ஒடம்பு முடியலியா?"

"இல்லம்மா. எப்படியும் கெடைக்காதுன்னு தெரியும். உன்ன இங்க கூட்டியாந்து…"

"கெடைக்காதுன்னு அவுங்க சொல்லட்டும். நீ ஏன்டி சொல்ற?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு எழுதத் தெரியாதுன்னுதான உங்கிட்டக் குடுத்தேன். தெரிஞ்சிருந்தா நானே போயிருப்பேன். அப்ப உங்க மாமன் வாயால அஞ்சு வருசம் போச்சி. அவன் படிக்காதவன். நீ படிச்சவ."

போனை வைத்துவிட்டாள்.

எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். அத்தனையிலும் வாங்கிய மதிப்பெண் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அம்மா எழுத்தை மந்திரம் மாதிரி நம்பினாள். அதைக் கற்றுக்கொள்ள என்னை அனுப்பினாள். நான் கற்றுக்கொண்டு வந்து, தெரியாதவள் ஒருத்தியை ஏமாற்ற அதைப் பயன்படுத்தினேன். அவள் நல்லதுக்குத்தான் என்று இப்போதும் எனக்குச் சொல்லிக்கொள்ள வாய் வரும். மாமாவும் அதைத்தான் சொன்னார்.

5

அன்றே ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுபவரிடம் உட்கார்ந்து புது மனு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு, ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா ஊருக்குத் திரும்பினாள் என்று சரோஜா அக்கா பிறகு சொன்னார். ஏப்ரலில் பதில் வந்தது. வேலையில் சேர்ந்த சில வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், இப்போது மாற்ற விதியில் இடமில்லை. நான் ஜனவரியில் கொடுத்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அது எனக்கு ஆறுதல் இல்லை. அம்மா அந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். "செரி, சொல்லிட்டாங்க" என்று மடித்துப் பெட்டியில் வைத்தாளாம்.

ஏப்ரல் கடைசியில் சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வழியனுப்பினார்கள். மே மாதம் நான் பேசி வைத்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா "ம்" என்றாள். "எப்பம்மா வர?" என்றதற்கு, "வேலை இருக்குது" என்றாள்.

வேலை என்னவென்றால், சரோஜா அக்காவும் அம்மாவும் சேர்ந்து விசேஷங்களுக்குச் சமையல் ஆர்டர் எடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு. எங்கள் பக்கம் பந்திச் சமையல் ஆண்கள் செய்வது. "பொம்பளைங்க பெரிய அண்டா எறக்குவீங்களா?" என்று கேட்டே பலர் திருப்பி அனுப்பினார்கள். இருபத்தேழு வருஷமாக அதே அண்டாவை இறக்கியவள் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் சோறு போட்டாள். அதைச் சொன்னாலும், "அது பள்ளிக்கூடம், இது விசேஷம்" என்றார்களாம்.

மாமாவுக்குத்தான் பெரிய அவமானம். "அடுத்தவன் ஊட்ல போயி கரண்டி புடிச்சா என் மூஞ்சி என்னாவறது?"

"பவுடர் போட்டுக்க அண்ணே" என்று அம்மா சொன்னதாகச் சரோஜா அக்கா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆறேழு மாதத்தில் நான்கைந்து சின்ன ஆர்டர்தான். எனக்குள் ஒரு மூலையில், இது நடக்காது, அம்மா சலித்து வந்துவிடுவாள் என்ற எண்ணம் இருந்தது. மறைக்கவில்லை, இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் வந்தது. கடலூர்ப் பக்கம் அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் எங்கள் ஊரோடு தொடர்பு கிடைக்கவில்லை. நான்காம் நாள் மாமா எங்கேயோ சார்ஜ் போட்டுக் கூப்பிட்டார்.

"அம்மா எப்படி மாமா இருக்கு?"

"ஓடு பறந்துபோச்சி. அவளுக்கு ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துல இருக்கறா."

"அடைக்கலமாவா?"

"அடைக்கலமா? அவதான்மா ஊருக்கே சோறு ஆக்கறா. நான் வெறவு பொளந்து கை காச்சிப்போச்சி."

காற்று நின்ற அன்றே தலைமையாசிரியரிடம் போய் அம்மாவும் சரோஜா அக்காவும் சத்துணவுக்கூடச் சாவியைக் கேட்டிருக்கிறார்கள். விழுந்த மரமெல்லாம் ஈரம். மாமா வீட்டுக் கட்டிலை உடைத்து முதல் அடுப்பு எரிந்திருக்கிறது. அரிசி யார் யார் வீட்டிலிருந்தோ வந்தது. மின்சாரம் வரும் வரைக்கும் தெருவுக்கே இரண்டு வேளை. ஆபீஸ் கணக்கில் ஓய்வு பெற்ற இரண்டு ஆயாக்கள்தான் சமைத்தார்கள்.

தை பிறந்ததும் ஆர்டர் தானாக வந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றிய பிறகு, காதுகுத்து வைத்தவர்களும் வந்தார்கள், முன்பு அண்டா இறக்குவீர்களா என்று கேட்டவர்களும் வந்தார்கள். புவனகிரி வரைக்கும் போகிறார்கள். உதவிக்கு இன்னும் மூன்று பெண்கள், அத்தனை பேரும் ஐம்பது தாண்டியவர்கள். அவர்களில் யாருடைய பிள்ளையும் வீட்டில் இல்லை. திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விட்டார்கள். பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். வாங்கிக்கொள்கிறார்கள். ஆனாலும் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் வேண்டும் என்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு இது கேட்கத் தெரியாது, கேட்க இடமும் இல்லை. உழைப்பை விடுவதுதான் மரியாதை என்று எனக்குச் சொன்னது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை. ஊர் என்னைப் பார்த்து வியக்க வேண்டும் என்று நானே எழுதிக்கொண்ட பாடம் அது.

பெரிய சமையலறை இருந்த அந்த வீட்டை நான் எடுக்கவில்லை.

6

அம்மா இங்கே வருகிறாள். நான் கூப்பிட்டதற்காக இல்லை. "ஆடியில விசேஷம் கெடையாது, சும்மாதான் இருக்கணும். ஒன் ஊரப் பாத்துட்டு வரேன்" என்று அவளே சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை விசா படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு போன் போட்டேன். இப்போதெல்லாம் அம்மா பெயரில் போகும் எந்தக் காகிதத்தையும் முழுக்க அவளுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன். இது அவள் வைத்த விதி. வங்கிக் காகிதமானாலும் கேஸ் சிலிண்டர் காகிதமானாலும் இதுதான். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு வெந்ததா என்று ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது போல, இயல்பாகச் செய்கிறாள். நம்பிக்கை திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும் என்று நான் கேட்பதில்லை. படிக்கிறேன்.

பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் ஆயிற்று.

"பொறந்த தேதி பாஸ்போர்ட்ல இருக்கறதுதாம்மா போடணும்."

"போடு. அதான் சட்டம்னா போடு. ஆனா நெசம் அது இல்லன்னு உனுக்குத் தெரியணும்."

"தெரியும்மா."

"மேல படி."

"தொழில்."

அங்கே ஓய்வு பெற்றவர் என்று எழுதலாம். ஆபீஸ் கணக்கில் அது பொய்யும் இல்லை. என்ன போடட்டும் என்று அம்மாவைக் கேட்டேன்.

"சமையல்னு போடு. ஊட்டுச் சமையலுன்னு நெனச்சிக்கப் போறாங்க, விசேஷச் சமையல்னு தெளிவா போடு."

போட்டேன்.

"தங்கும் நாள். முப்பது நாள்னு போடவாம்மா?"

"முப்பதா? இங்க ஆடிப் பதினெட்டு முடிச்சிட்டுத்தான் ஏறுவேன். ஆவணி மொத முகூர்த்தம் சரோஜாக்கா ஒத்துக்கினு இருக்குது. ரெண்டு வாரம் போடு."

இருபது நாளாவது கேட்டுப் பார்க்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பேனாவை எடுத்து, பதினான்கு என்று எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"எத்தினி எழுதன?"

"பதினாலு."

"செரி. மொதல்லேருந்து இன்னொரு தபா படி."

நான் முதல் வரியிலிருந்து படித்தேன்.